மிச்சத் தார் போட்ட எல்லை

வில்லியனூரை விட்டுக் கிளம்பி, சங்கராபரணியைத் தாண்டி, மங்கலம், ஏம்பலம், கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம் என்று கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே வளைந்து வளைந்து மடுகரைக்குப் போய்ச் சேருகிற சாலையில் நான் ஏழு வருடம் போய் வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் இரண்டு வருடம், கல்லூரிக்கு மூன்று வருடம், அப்புறம் அரசுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு ஸ்கூட்டரில் இரண்டு வருடம். நான் வரலாறு படித்தவள். படித்த புத்தகம் எதிலும் இந்தச் சாலை வரவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். தேர்வுக்குப் படிக்காமல் தப்பிக்க அது நல்ல சாக்காகவும் இருந்தது.

ஒரு நோட்டு வாங்கி, நிற்கிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்தச் சாலை ஏன் நேராகப் போவதில்லை? கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், ஏரிக்கரை மேல் ஓடிய மாட்டுவண்டித் தடத்தின் மேலேயே கல்லைக் கொட்டிவிட்டார்கள் என்றார். பஞ்சர் கடைக்காரர், பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன் நிலத்தில் கால் வைக்காமல் போட்ட ரோடு, அதனால்தான் இத்தனை நெளிவு என்றார். நெட்டப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "நேரா வுட்டிருந்தா எங்க நெலத்து மேல போயிருக்கும்மா, அதான் வளைச்சு வுட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் பஸ் ஏறிப் போனார். மூன்றையும் எழுதிக்கொண்டேன். மூன்றும் உண்மையாக இருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம் வளைவு இல்லை, எல்லை. எங்கள் பக்கத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. கிளைச்சாலை ஒன்றில் திரும்பினால் மாநிலம் மாறும். கொஞ்ச தூரம் போனால் திரும்பவும் மாறும். சாராயக் கடை வந்தால் எல்லை நெருங்கிவிட்டது, பெட்ரோல் பங்கில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டினால் எல்லை இன்னும் நெருக்கம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் கண்டுபிடித்தது தார்.

இந்த அரசாங்கம் தன் எல்லை வரைக்கும் தார் போடும், அந்த அரசாங்கம் அங்கிருந்து போடும். இரண்டும் ஒரே வருடம் போட்டதாகச் சரித்திரமே இல்லை. ஒரு பக்கம் கறுப்பாக இருக்கும், மறு பக்கம் சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். சேருகிற இடத்தில் குறுக்கே கோடு போட்டது போல ஓர் ஒட்டு. சக்கரம் அதில் ஏறும்போது 'தடக்' என்று ஒரு சத்தம். என் தோழி இதை நம்பவில்லை. துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து அவள் ஓட்டினாள்.

"தமிழ்நாடு" என்றேன் ஓரிடத்தில்.

"ஐயோ, எப்டிடி?"

"பாண்டிச்சேரி" என்றேன் சற்றுத் தள்ளி.

"நீ இன்னாடி, எல்லையைப் பின்னாலயே வெச்சிக் கண்டுபுடிக்கிறியா?" என்று வண்டியை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில்தான் அடுத்த வேலையைச் செய்தேன். இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வரைபடம் ஒன்று உண்டு. அதில் எங்கள் பக்கத்து எல்லைக்கோடு ஏரிக்கு நடுவிலும் வீட்டுக் கூரைகள் மேலும் போய்க்கொண்டிருந்தது. நான் ஒவ்வோர் ஒட்டிலும் வண்டியை நிறுத்தி, போனில் இடத்தைக் குறித்து, இந்தச் சாலையிலும் கிளைகளிலும் சேர்த்து ஐந்து இடங்களில் கோட்டை இழுத்துச் சரிசெய்தேன். 'நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது' என்று கீழே எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

ஐந்தாவது ஒட்டு மடுகரையைத் தாண்டி, சாலை புதுச்சேரியை விட்டு வெளியேறும் இடத்தில். ஒரு சிறிய மதகுப் பாலம், அதன் மேல் ஒட்டு, பக்கத்தில் நன்றி, மீண்டும் வருக என்று ஒரு பலகை. பலகையைத் தாண்டி ஒரு பர்லாங்குகூட இல்லை, வலது பக்கம் ஓர் இட்லிக் கடை. கடையின் பின்னால் வீடு. சாலை ஒவ்வொரு முறையும் தார் ஏறி ஏறி உயர்ந்துவிட்டதால் கடைக்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டும். கடைக்கார அக்கா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணுக்கு நேராக எங்கள் செருப்புதான் தெரியும். செருப்பை வைத்தே ஆளைச் சொல்வாள்.

அவளுடைய வீட்டுக்காரர் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர்களுக்கு மனைப்பட்டா கிடையாது. ரோட்டுப் புறம்போக்கில் இருபது வருடமாக இருக்கிறார்கள். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, முட்டி வலி வந்த பிறகு கடை போட்டாள். ஒரே பெண். அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண். நர்சிங் படிக்க வேண்டும், அரசுக் கல்லூரியில், புதுச்சேரிக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில். அது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அப்பாவின் கம்பெனியில் பாக்கிங் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டே இதை அக்கா எனக்குச் சாதாரணமாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதால்தான் எனக்குத் தாங்கவில்லை. விண்ணப்பத்தை நானே போனில் நிரப்பிக் கொடுத்தேன். பாக்கி இருந்தது குடியிருப்புச் சான்றிதழ் மட்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதை ஏற்ற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் படியிறங்கியபோது கடையில் அடுப்பு எரியவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைன்ட்டாரு பாப்பா."

"யாரு?"

"புது வி.ஏ.ஓ. உன் வூடு தமிழ்நாட்டுல கீதும்மா, நான் எப்டி சர்ட்டிபிகேட் தர்றதுன்றாரு. ரேஷன் கார்டைக் காட்டுனேன், கரண்டு பில்லைக் காட்டுனேன், ஓட்டு அட்டையைக் காட்டுனேன். இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு கார்டு வெச்சிருக்கிறவங்க எத்தினியோ பேரும்மான்றாரு."

"அவருக்கு எப்படித் தெரியுமாம், தமிழ்நாடுன்னு?"

அந்தப் பெண் உள்ளிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. "போன்ல காட்டினாருக்கா. ஒரு மேப்பு. கோடு எங்க கடைக்கு முன்னாடியே போயிடுது. கீழ எழுதி வேற இருக்குது, நேர்ல பாத்து சரிபாத்ததுன்னு."

சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் கோட்டை அழித்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான் என்று எழுதுகிறேன். ஐந்து நொடிகூட இருந்திருக்கும்.

"அக்கா, அந்தக் கோடு நான் போட்டது."

அவளுக்குப் புரியவில்லை. தார் ஒட்டு, போன், வரைபடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"நீ இன்னா சர்வேயரா?"

"இல்லக்கா."

"கெவுருமெண்டு உன்னை அளக்கச் சொல்லுச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடி எம் பொண்ணு தலையில கோடு போட்ட? இங்க குந்தி நாலு இட்லி துன்னும்போதே கேட்டிருக்கலாம் இல்ல, யக்கா உன் வூடு எந்தப் பக்கம்னு? வாய் இல்ல? ஊரெல்லாம் ரோடு ஏன் கோணலா போவுதுன்னு கேட்டியே!"

விண்ணப்பத்தில் அவர்கள் முகவரியை என் கையால் நிரப்பியபோதுகூட நான் போட்ட கோடு எனக்கு நினைவுக்கு வரவில்லை. எல்லோரிடமும் எல்லாம் கேட்டேன். அந்தக் கடையில் உட்கார்ந்து சட்னி இன்னொரு கரண்டி கேட்டேனே தவிர, அதைக் கேட்கவில்லை. தார் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன்.

"ஒட்டு எப்பவுமே எல்லையிலதானக்கா இருக்கும்? இங்க மட்டும் எப்படி..." என்று முனகினேன்.

அக்காவின் குரல் பாதியாகக் குறைந்துவிட்டது.

"அது நாந்தான்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து தார் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லை வரைக்கும் போட்டு முடித்தபோது லாரியில் கலவை மிச்சம். சூடான கலவையைத் திருப்பி எடுத்துப் போக முடியாது, வழியிலேயே இறுகிவிடும். எங்கேயாவது கொட்டியாக வேண்டும். அப்போது புதுச்சேரிப் பக்கம் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. பஸ் போகும்போதெல்லாம் இட்லி மேல் புழுதி. அக்கா அந்த வேலைக்காரர்கள் ஆறு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து, "எப்பா, எங்கியோ கொட்டப் போற தார எங்க கடை வாசலுக்குப் போட்டுட்டுப் போவக் கூடாதா" என்று கேட்டிருக்கிறாள். அவர்களும் கடையைத் தாண்டி, ரோலர் திரும்ப இடமிருந்த மதகுப் பாலம் வரை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வருடம் புதுச்சேரி காண்ட்ராக்டர் வந்தார். புதுத் தார் இருந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். பலகை நட வந்தவர்கள் ஒட்டு இருந்த இடத்தில் பலகையை நட்டார்கள். கடைசியில் நான் வந்தேன்.

"ஆறு டீ" என்றாள் அந்தப் பெண். "ஆறு டீயில மாநிலத்தையே நவுத்திட்டியேம்மா."

அழுதுகொண்டிருந்தவள்தான். அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனால் அக்கா எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். "எல்லாம் சரி, இப்ப இன்னா பண்ணப் போற, அத்தச் சொல்லு" என்றாள். 'பண்ணப் போறோம்' என்று சொல்லவில்லை. வேலை என்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து கோட்டை அழித்தேன். பிறகு வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனேன். வில்லன் மாதிரி யாரோ இருப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பாகூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆன மனிதர், மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். போனை எடுத்து வரைபடத்தைப் பார்த்தார்.

"நேத்து ஒரு கோடு இருந்துச்சு. இப்ப இல்ல. நாளைக்கு நீங்க வேற எடத்துல போடுவீங்க. இதை நம்பியா நான் கையெழுத்துப் போடறது?"

"முதல்ல நம்பினீங்களே சார்!"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. காதைச் சொறிந்துகொண்டார்.

"நம்பினேன். தப்புதான். நான் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. ஆனா முன்ன வேலை பாத்த எடத்துல, எல்லைக்கு அந்தாண்ட இருக்கிற ஒரு வீட்டுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்துட்டேன்மா. நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணோட சீட்டு அதனால போயிடுச்சு. அவங்க அப்பா ஆபீஸ் வாசல்ல வந்து சத்தமே போடாம நின்னாரு. அதுக்கப்புறம் நான் எல்லைக்கல்லைப் பாக்காம போடறதில்ல. கல்லைக் காட்டுங்க. சர்வேயரை நானே கூட்டிக்கினு வர்றேன்."

"கல்லு எங்க இருக்குது சார்?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு மேப்பைப் பாக்கறேன்?"

நில அளவை அலுவலகத்தில் ஊர் வரைபடத்தின் நகல் வாங்க ஒரு நாள் போனது. அங்கிருந்த சர்வேயர் விரலை வைத்துக் காட்டினார்: மதகிலிருந்து மேற்கே, சாலையின் வடக்கு ஓரத்தில், ஒரு சின்ன முக்கோணம், அதுதான் எல்லைக்கல். தூரத்தையும் எழுதிக் கொடுத்தார். "கல்லு இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இல்லைன்னா அந்தப் பக்கத்து ஆபீசரும் வரணும், ரெண்டு ஆபீசும் சேர்ந்து அளக்கணும். அது எப்பன்னு என்னைக் கேக்காதீங்க" என்றார். கல்லைத் தேட வியாழக்கிழமைதான் எங்களுக்கு மிச்சம்.

அந்தக் காலையில் நானும் அக்காவும் அவள் பெண்ணும் கயிற்றோடு இறங்கினோம். அளவு நாடாவுக்கு மடுகரையில் ஒரு தையல்காரரிடம் போனேன். அவர் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்து, "யாருக்குமா பிளவுஸு, ரோட்டுக்கா?" என்று கேட்டார். அதை வைத்துக் கயிற்றில் மீட்டர் மீட்டராக முடிச்சுப் போட்டு, மதகின் சுவரிலிருந்து சாலை ஓரமாக அளந்து போனோம். கடையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கயிறு முடிந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டோம். கிராவல், கிராவல், பிளாஸ்டிக் பை, மறுபடியும் கிராவல். முழங்கால் ஆழம் தோண்டியும் கல் இல்லை. பக்கத்தில் இரண்டடி தள்ளி இன்னொரு குழி. அதிலும் இல்லை. வயலுக்குக் களை பறிக்கப் போன நாலு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"புதையலா?"

"பொண்ணுக்குக் காலேஜி" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"கீழ போயா படிக்கப் போவுது?" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு மண்வெட்டியை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளே குழியில் இறங்கினாள். முட்டி வலிக்காரி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது குழியின்போது இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியபடி சிறிது நேரம் எங்களைப் பார்த்தார்.

"இங்க ஏன் தோண்டுறீங்க?"

"ரோட்டோரம்னு மேப்புல போட்டிருக்குது" என்றேன்.

"எந்த ரோட்டோரம்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "இதோ, இந்த ரோடு."

"இது நான் கல்யாணம் பண்ணதுக்கப்புறம் நிமித்தின ரோடும்மா. பழைய ரோடு எங்க வூட்டுப் பின்னால வளைஞ்சு போவும். அந்த வளைவுல கரும்பு வண்டி கவுந்துக்கினே இருந்துச்சுன்னு நேராக்கிட்டாங்க. நாங்க குடிசை போட்டதே பழைய ரோட்டை வுட்டுட்டாங்களேன்னுதான."

ஏழு வருடமாக இந்தச் சாலையின் வளைவுகளைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தவள் நான். வளைவு இல்லாத இடத்தில் வளைவு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் போனோம். மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி ஒரு கழிப்பறை, அதற்கு அப்பால் எருக்கஞ்செடி மண்டிய ஒரு மேடு. அந்த மேடுதான் பழைய சாலை. மதகிலிருந்து இந்த மேட்டின் ஓரமாகக் கயிற்றைத் திரும்பவும் பிடித்தோம். கயிறு கொட்டகையைத் தாண்டி எருக்கஞ்செடிக்குள் முடிந்தது. களை பறிக்க வந்தவளும் அக்காவின் வீட்டுக்காரரும் தோண்ட ஆரம்பித்தார்கள்.

குழியின் பக்கச் சுவரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாக மக்கிய தார். அதன் கீழே உடைத்த கருங்கல். அதன் கீழே செங்கல் ஜல்லி, இன்னும் சிவப்பு மாறாமல். அதற்கும் கீழே இறுகிய களிமண்ணில் வண்டிச் சக்கரம் அழுத்திய பள்ளம் போல ஒன்று. டிராக்டர்காரர் சொன்ன மாட்டுவண்டித் தடம்! நான் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண், மிகவும் அமைதியாக. "அத்த அப்புறம் பாக்கலாம். கல்லைத் தேடலாமா?"

போனைப் பையில் போட்டுவிட்டு நானும் குழியில் இறங்கினேன். கையால் மண்ணை அள்ளி வெளியே போட்டேன். சற்று நேரம் கழித்துக் கடப்பாரை 'ணங்' என்றது. முதலில் ஜல்லி என்று நினைத்தோம். சுற்றி மண்ணை விலக்க விலக்க அது இறங்கிக்கொண்டே போனது. நாலு பட்டையாகச் செதுக்கிய கருங்கல், சாயாமல் நேராக நின்றது. தலையில் கூட்டல் குறி போல ஒரு கீறல். அக்கா ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி, வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தோம்.

வீடு கிழக்கே இருந்தது. ஆனால் கோடு நேர் வடக்கு தெற்காகப் போகிறதா, சாய்ந்து போகிறதா, யாருக்குத் தெரியும்? வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அன்றைக்கு முழுக்க அந்தப் பெண் கல்லின் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. அவள் அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வி.ஏ.ஓ. வந்தபோது மணி பன்னிரண்டு. சர்வேயர் கல்லைச் சுற்றி வந்து, தலையில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்து, "இதான்" என்றார். அடுத்த கல் தெற்கே வயல் வரப்பில் வெளியே தெரியும்படியே இருந்தது. அது இத்தனை நாளும் எங்கள் கண்ணில் படவில்லை, யாரும் அந்தப் பக்கம் தேடவும் இல்லை. இரண்டு கல்லுக்கும் நடுவே நூலைக் கட்டினார்கள். நூல் எருக்கஞ்செடியிலிருந்து கிளம்பி, சாய்வாக வந்து, கழிப்பறையின் கூரை மேல் ஏறி இறங்கி, மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையை வெட்டி, வீட்டுச் சுவருக்கு மூன்றடி மேற்கே கடந்து சாலைக்குப் போனது.

வி.ஏ.ஓ. நூலோடு கூடவே நடந்து வந்தார். சுவரில் கையை வைத்தார். நூலைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

"கக்கூஸு தமிழ்நாடு. வூடு பாண்டிச்சேரி."

"மாடு சார்?" என்றாள் அந்தப் பெண்.

"தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம். மாட்டுக்குச் சர்ட்டிபிகேட் கேட்டா நான் தர மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். அக்கா டீ கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. நீ டீ கொடுத்தா இன்னா ஆவும்னு இவங்க சொல்லிட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு டீயை வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிச்சம் நாலு எடத்துல போட்டிருக்கிறீங்களே, அதையும் நீங்களே போய்ப் பாருங்க. எந்த வூட்டுல எந்தப் புள்ள இருக்குதோ."

தாலுகா அலுவலகத்தில் தாசில்தாரின் கையெழுத்தோடு சான்றிதழ் கைக்கு வந்தபோது மணி நாலேகால். பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். கடைக்காரர் ஸ்கேன் செய்து ஏற்றினார். வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு முறை இணைப்பு அறுந்தது. மூன்றாவது முறை 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. அவள் அம்மாவுக்குப் போன் செய்து, "ஏறிடுச்சும்மா" என்றாள். அந்த முனையில் அக்கா என்ன கேட்டாளோ, "ஆமா, நம்ம வூடு பாண்டிச்சேரியிலதான் கீதுன்னு போட்டுட்டாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நாலு ஒட்டையும் போய்ப் பார்த்தேன். இரண்டு சரியாக இருந்தன. ஒன்றில் கல் கிடைக்கவில்லை, கோட்டை அழித்துவிட்டேன். இன்னொன்று எல்லையிலிருந்து ஒரு வயல் அகலம் தள்ளியிருந்தது. ஏன் என்று அங்கிருந்த வீட்டில் கேட்டேன். முதலில் அதைத்தான் கேட்டேன். அங்கேயும் மிச்சக் கலவைதான். பம்புசெட்டுக்குப் போகிற வழி சேறாக இருக்கிறது என்று யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சுற்றுக் கலந்தாய்வில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த மூன்று வாரம் நான் அந்தக் கடைப் பக்கம் போகவே பயந்தேன். போகாமலும் இருக்க முடியவில்லை. அக்காவும் எதுவும் கேட்காமல் இட்லி வைத்தாள். இரண்டாவது சுற்றில் கிடைத்தது. கல்லூரி திறந்த அன்று காலை நான் அங்கே இருந்தேன். மேற்கேயிருந்து பேருந்து வந்து நின்றது. அவள் புதுப் பையோடு மூன்று படி ஏறி, பேருந்துக்குள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அக்காவால் வெளியே வர முடியவில்லை, அடுப்பில் ஒரு ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது, ஆறு பேர் தட்டோடு நின்றார்கள். கரண்டியைத் தூக்கிக்கொண்டு கீழேயிருந்தே கத்தினாள்.

"ஏண்டி, சர்ட்டிபிகேட்டு ஒரிஜினலை எடுத்துக்கினியா?"

"எடுத்துக்கினேம்மா!"

"ஜெராக்ஸு?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவள் ஜன்னல் வழியே இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு பிரதி இருக்கிறது என்று. பேருந்து நெட்டப்பாக்கம் பக்கமாகப் போய்விட்டது. அக்கா திரும்பி, வரிசையில் முதலில் நின்றவரைப் பார்த்து, "உனக்கு எத்தினி?" என்றாள்.